கை அசையாமல் கேட்பது

மலாய் நாடு சுதந்திரம் பெறுவதற்கு முந்தைய ஆண்டு நான் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளி. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நான்தான். பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் இந்தியாவுக்கே திரும்பிவிட்டதால் அவருடைய நிரந்தர இடம் காலியாக இருந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு விஷயத்தை நேராகவே சொன்னார்.

"பயிற்சி வகுப்புல மியூசிக் பேப்பர பாஸ் பண்ணிட்டு வாங்க தம்பி. இடம் உங்களுக்கு. இல்லேன்னா சிரம்பான்லேருந்து ஆள் வருது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

சிரம்பான் ஆள் வந்தால் எனக்கு வேறு பள்ளி கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அப்பா பொதுப்பணித் துறையில் சாலை போடும் கும்பலில் வேலை செய்தார். தார் காய்ச்சும் இடத்தில் எப்போதும் ஆள் தேவைப்படும். அந்த வேலையில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் தங்கை ஆறாம் வகுப்பில் இருந்தாள். நான் தார் வாளி தூக்கப் போய்விட்டால் "இவனப் படிக்கவச்சு என்னத்தக் கண்டோம்" என்ற பேச்சு வரும், அதோடு அவள் படிப்பும் நின்றுவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பயிற்சி வகுப்பு சனிக்கிழமைகளில் நடந்தது. உளவியல் எடுத்தவர் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்து, ஊரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் இசை கற்பித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண். மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். இசைத் தாளும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. பெரும்பாலோர் அந்தத் தாளை ஆர்மோனியம் வாசிக்கும் வகுப்பு என்று நினைத்து வந்திருந்தோம். அவர் கரும்பலகையில் பெரிதாக ஒரு காதை வரைந்தார்.

மனிதன் இசையைக் கேட்கும்போது அவனுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆராயவே ஒரு துறை இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஒரு விஞ்ஞானி, உருண்டையான குடுவைகளைக் காதில் பொருத்திக்கொண்டு, ஒரே ஒலிக்குள் இருக்கும் பல ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டாராம். அவருக்குப் பிறகு வந்த சிலர், இப்படித் துண்டு துண்டாகப் பிரித்தால் பாட்டு எங்கே போகிறது என்று கேட்டார்கள். ஒரு மெட்டை வேறு கட்டையில் தொடங்கிப் பாடினால் ஒரு ஸ்வரம்கூடப் பழைய ஸ்வரமாக இருக்காது, இருந்தும் அதே மெட்டு என்று குழந்தைகூடச் சொல்லிவிடுகிறதே, அது எப்படி?

இது எனக்கு உடனே பிடிபட்டது. வெள்ளிக்கிழமை பஜனையில் எங்கள் பாடகருக்குச் சளி பிடித்திருந்தால் ஆர்மோனியக்காரர் இரண்டு கட்டை இறக்கி வாசிப்பார். யாரும் வேறு பாட்டு என்று எழுந்து போனதில்லை. கையைத் தூக்கி இதைச் சொன்னேன். மிஸ் சிரித்துக்கொண்டே, "அதேதான்" என்றார். அன்று மாலை சைக்கிளில் வீடு திரும்பும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிறகு வந்தவர்கள் அளக்கத் தொடங்கினார்கள். யாருக்கு இசைத்திறன் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை இசைத்தட்டு போட்டே கண்டுபிடிக்கலாம் என்று அமெரிக்காவில் ஒருவர் சோதனை செய்து வைத்திருந்தார். இரண்டு ஒலிகள் வரும். இரண்டாவது ஏறியதா இறங்கியதா? கூடுதல் ஓசையா குறைவா? நீண்டதா குறுகியதா? பிறகு இரண்டு தாளக் கட்டுகள் வரும். இரண்டும் ஒன்றா வேறா? அப்படிப்பட்ட தட்டுகள் மிஸ்ஸிடம் இருந்தன. பாடத் தெரியாதவனும் ராகம் அறியாதவனும் எழுதலாம், எந்தச் சாதி, எந்த மொழி என்று தட்டுக்குத் தெரியாது, ஆகவே இதைவிட நியாயமான பரீட்சை கிடையாது என்று அவர் சொன்னார். நானும் அப்படியே நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கிராமபோனை மேசைமேல் வைத்தார். வியர்த்துக் கொட்டியது.

"ரெண்டு கையையும் மேசை மேல விரிச்சு வைங்க. பதில் எழுதுறப்ப மட்டும் பென்சில எடுக்கணும். கேக்குறப்ப ஒரு விரல்கூட அசையக் கூடாது. கால் தட்டக் கூடாது. தலை ஆட்டக் கூடாது."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "மூச்சு விடலாமா மிஸ்?" என்றான்.

"சத்தமில்லாம விடுங்க."

சுருதிப் பகுதி எளிதாகப் போயிற்று. தாளப் பகுதி வந்ததும் ஏதோ ஆகிவிட்டது. டக் டக்டக் டக் என்று முதல் கட்டு. கொஞ்சம் இடைவெளி. இரண்டாவது கட்டு வருவதற்குள் முதல் கட்டு என்னிடமிருந்து நழுவிவிட்டது. விரல்கள் மேசையில் ஒட்டவைத்ததுபோல் கிடந்தன. அவற்றை அசையவிடாமல் பிடித்துவைப்பதிலேயே கவனம் முழுக்கப் போய்விட்டது. பாதிக்குமேல் குத்துமதிப்பாகத்தான் எழுதினேன்.

மறுவாரம் மிஸ் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பேசினார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் முன்வரிசைக்குக் கேட்டது.

"சுருதி நல்லா இருக்கு. மெட்ட ஞாபகம் வைக்கிறதும் நல்லா இருக்கு. தாளத்துல நீங்கதான் வகுப்பிலேயே கடைசி. மொத்தத்துல தேறல."

நான் கோயில் பஜனையில் ஜால்ரா பிடிப்பவன். இது வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். வெளியே வந்ததும் தொடங்கிவிட்டார்கள்.

"அடப்பாவி, இத்தன வருஷமா சாமியவே ஏமாத்திட்டானே!"

"சாமி பொறுமைசாலிடா. மெஷின் பொறுக்குமா?"

"இந்த வெள்ளிக்கிழமை ஜால்ராவ என்கிட்ட குடு. நான் ஃபுல் மார்க்கு."

கடைசியாகச் சொன்னவன் என் பெஞ்சுக்காரன், என் நெருங்கிய நண்பன். தமிழ் முஸ்லிம். ஜாலான் பெண்டஹாரா தெருவில் அவனுடைய மாமாவுக்கு மளிகைக் கடை. வேறொரு பள்ளியில் அவனும் தற்காலிக ஆசிரியர். தாளப் பகுதியில் அவன்தான் முதல். வாழ்க்கையில் ஒருநாளும் தாளம் போட்டறியாதவன்.

நான் மறுபடி உள்ளே போய் மிஸ்ஸிடம், எனக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "படிச்சுப் பாருங்க. பதில் இதுல இருக்கான்னு எனக்கும் தெரியாது. தேறாதவங்களோட பாட வகுப்பைப் பாக்க வரமாட்டேன்னு முதல்லயே சொல்லியிருக்கேன். அதை மறக்காதீங்க."

தாளின் பாதி மதிப்பெண் அந்தத் தட்டுச் சோதனைக்கு. மறுபாதி, அவர் நேரில் வந்து பார்க்கும் பாட்டு வகுப்புக்கு. அவர் வராவிட்டால் மறுபாதியும் போயிற்று.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா குளித்துவிட்டு வந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கைமுட்டியில் தார் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எந்த மெஷினு?"

"கிராமபோனுப்பா. தட்டு சுத்தும், நாம பதில் எழுதணும்."

"அது மார்க்கு போடுதா?"

"மிஸ்தான் போடுவாங்க."

"அப்ப அவங்கள்ட்ட பேசலாமில்ல? கோயில் தலைவர்கிட்ட சொல்லி வைக்கிறேன். அவருக்கு எல்லா ஆபீஸ்லயும் ஆள் இருக்கு."

"வேணாம்பா. அது சரியில்ல."

"ஒனக்கு எது சரி? தார் சட்டி சரியா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "சாப்புடற நேரத்துல அவன விடுங்க" என்றார். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா சிட்டி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மலாயில், பையன் சாப்பிட்டானா என்று விசாரித்தார். எங்கள் வீட்டில் குரல் உயரும்போதெல்லாம் அவர் இப்படித்தான் கேட்பார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முன்பு சிலர் ஆட்களை உட்காரவைத்து, ஒரே சீராக ஒலிக்கும் 'டிக், டிக்' என்ற சத்தத்தைக் கேட்கச் செய்திருக்கிறார்கள். ஒலியில் எந்த மாற்றமும் கிடையாது. இருந்தும் கேட்டவர்களின் மனம் அதை இரண்டு இரண்டாகவோ நான்கு நான்காகவோ தானே கட்டிக்கொண்டதாம். அப்படிக் கட்டும்போது அவர்களுடைய விரலோ காலோ தலையோ அசைந்தது. அசைக்காதே என்று சொன்னால் வேறெங்கோ ஒரு தசை இறுகியது. தாளம் காதில் இருக்கிறதா உடம்பில் இருக்கிறதா என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. இந்தச் சண்டை முடிந்ததாகப் புத்தகத்தில் இல்லை.

நான் தாளம் கற்றது கோயில் தேவார வகுப்பில். தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டி, வீசி, தட்டி, வீசி. எந்தப் பாட்டைக் கேட்டாலும் தொடையில் விரல் போய்விடும். வானொலியில் பாட்டு வந்தாலும், பக்கத்து மலாய்க் கிராமத்தில் கொம்பாங் மேளம் அடித்தாலும், வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னாலும் அப்படித்தான். அதுவரை அதை நான் கவனித்ததுகூட இல்லை.

ஞாயிறு அன்று நண்பனின் மாமா கடைக்குப் போனேன். கடையின் பின்புறம், மூட்டைகளுக்கு நடுவில் அவனை உட்காரவைத்து, ஒரு டின்னும் இரண்டு பென்சிலும் கொடுத்தேன்.

"இரண்டு கட்டு தட்டு. சில தடவை ஒண்ணா இருக்கட்டும், சில தடவை கொஞ்சம் மாத்து. நான் ஒண்ணா வேறயான்னு சொல்றேன். முதல்ல கைய விரிச்சு வச்சுக்கிட்டு. அப்புறம் கைய விட்டுட்டு."

"வாத்தியாருக்கு நட்டு கழண்டுபோச்சு" என்றான். ஆனாலும் தட்டினான்.

கையை விரித்து வைத்தபோது முன்போலவே தடுமாறினேன். கையை விட்டதும் அநேகமாக எல்லாம் சரியாக வந்தது. அவன் நம்பவில்லை. என்னைத் திரும்பி உட்காரச் சொன்னான், வேகத்தை மாற்றினான், வேண்டுமென்றே கோணல்மாணலாகத் தட்டினான். திரும்பவும் அதே கதைதான்.

"ஒனக்கென்னடா, காது வெரல்லயா இருக்கு?"

"நீ எப்படி ஞாபகம் வச்சுக்குற?"

"எனக்கென்ன தெரியும்? மண்டைக்குள்ள அப்படியே நிக்குது. இந்த டின்னு சத்தம் மாதிரியே."

முன்பக்கமிருந்து அவன் மாமா கத்தினார்: "டேய், அது மஞ்சத்தூள் டின்னுடா! கடையே மஞ்சளாப் போச்சு! ரெண்டு வாத்தியானுங்க சேந்தா வெளங்கிடும்!"

திங்கள் மாலை மிஸ் வேலை பார்த்த பள்ளிக்குப் போய் வாசலில் காத்திருந்தேன். அவர் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கையை விட்டுவிட்டு இன்னொரு முறை சோதனை எழுத அனுமதி கேட்டேன்.

அவர் மரத்தடியில் நின்றபடியே அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தார்.

"தட்டோட வந்த விளக்கத்துல கையைப் பத்தி ஒண்ணுமே இல்ல" என்றார். "அந்த விதி நான் வச்சது. போன வருஷம் வகுப்பில எல்லாரும் மேசைல தட்டிட்டாங்க, பக்கத்துல இருக்கிறவங்க அதப் பாத்து எழுதிட்டாங்க. அதனாலதான்."

"அப்படின்னா மறுபடி எழுதலாமா மிஸ்?"

"முடியாது."

எனக்கு முகம் எப்படி ஆயிற்றோ தெரியவில்லை. அவர் அவசரமாகத் தொடர்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. அதே தட்டை நீங்க ஒரு தடவை கேட்டாச்சு. ரெண்டாவது தடவை கேட்டு மார்க் கூடினா, அது கையால கூடிச்சா, முன்னாடியே கேட்டதால கூடிச்சா? எனக்கு எப்படித் தெரியும்? வேற தட்டு என்கிட்ட இல்ல. இன்னொண்ணு, அந்தச் சோதனை காதை அளக்குது. உங்க கை நல்லா கேக்குதுன்னு நீங்க காட்டியிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுன்னு இன்னும் யாரும் நிரூபிக்கல."

"வகுப்புல பாடப்போற பிள்ளைங்களுக்கும் கை இருக்கு மிஸ்."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை, வாயில் வந்துவிட்டது. மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டோமோ என்று பயந்தேன். அவர் புத்தகத்தை மூடி என்னிடமே திரும்பக் கொடுத்தார்.

"தேறாதவங்க வகுப்பைப் பாக்க வரமாட்டேன்னதும் நான் வச்ச விதிதான். அத மாத்திக்கிறேன். புதன்கிழமை வர்றேன். பழைய மார்க் அப்படியேதான் இருக்கும். அதையும் சேர்த்துத் தேறணும்னா பாட வகுப்புல ரொம்ப மார்க் வாங்கணும். என்கிட்ட அவ்வளவு மார்க் யாரும் இதுவரைக்கும் வாங்கினதில்ல. தெரிஞ்சுக்கங்க."

புதன்கிழமை காலை மிஸ் வந்து கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். தலைமையாசிரியர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார், கையில் வழக்கமான பிரம்பு. மூன்றாம் வகுப்பைத் திருப்பி உட்காரவைத்து இரண்டோடு சேர்த்திருந்தேன். எங்கள் பள்ளியில் ஆசிரியர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், மணி அடிக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. எல்லாரும் மார்பில் கைகட்டி, பொம்மைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

சுதந்திர விழாவுக்கென்று எல்லாப் பள்ளிகளும் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் பங்குக்கு வந்த பாட்டை முதலில் அப்படியே பாடச் சொன்னேன். நன்றாகத்தான் தொடங்கினார்கள். இரண்டாவது அடியில் முன்வரிசை முந்தியது. மூன்றாவது அடியில் பின்வரிசை துரத்தியது. கடைசி அடியை ஆளாளுக்கு ஒரு நேரத்தில் முடித்து மூச்சு வாங்கினார்கள். தலைமையாசிரியர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். சத்தமாகப் பாடினால் அவருக்குப் போதும்.

"கையை அவுத்து விடுங்க" என்றேன்.

ஒருவரும் அவிழ்க்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி வாசலைப் பார்த்துவிட்டு, "சார், அவுத்தா பெரிய சார் அடிப்பாரு" என்றாள்.

"என்ன தம்பி இது?" என்றார் தலைமையாசிரியர். "மிஸ் வந்திருக்கிறப்ப ஒழுங்கு வேணாமா?"

அவர் கையில்தான் என் வேலை இருந்தது. மிஸ்ஸின் கையில் என் மார்க் இருந்தது. ஒருவருக்காக இன்னொருவரைப் பகைத்துக்கொள்ள வேண்டிய நிலை.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க சார். முடிஞ்சதும் கட்டிக்குவாங்க."

அவர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மறுக்கவில்லை. பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கையை அவிழ்த்தார்கள். தொடையில் தட்டச் சொன்னதும் தகரக் கூரையில் மழை கொட்டியதுபோல் ஆகிவிட்டது. "இது பள்ளிக்கூடமா மீன் பாசாரா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. நான் நிறுத்தவில்லை. முதலில் ஒரு தட்டு மட்டும். நான் தட்டும்போது அவர்களும் தட்ட வேண்டும், நான் நிறுத்தினால் நிறுத்த வேண்டும். அது ஒட்டியதும் சுண்டுவிரல். பிறகு மற்ற விரல்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு எது மோதிரவிரல் என்று கடைசிவரை தெரியவில்லை. அவன் கட்டைவிரலை வைத்தே சமாளித்தான்.

பிறகு பாடச் சொன்னேன். கை ஓட, அதோடு பாட்டு நடந்தது. முன்வரிசை முந்தவில்லை. இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, முதல்முறையாக, எல்லாரும் ஒரே அளவில் விட்டார்கள். கடைசி அடி ஒரே இடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு அறையில் ஓர் அமைதி. அந்த அமைதிக்குப் பழக்கமில்லாத பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். மிஸ்ஸின் கைகள் மடியில் கோத்தபடியே இருந்தன.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடியதும் அவர் என்னிடம் வந்தார்.

"நான் வேணும்னுதான் கையை அசைக்காம கேட்டேன்" என்றார். "முதல் தடவை சேரல. ரெண்டாவது தடவை சேர்ந்துச்சு. என் காதுக்கு நல்லாத் தெரிஞ்சுது. உங்க பழைய மார்க் மாறாது, வகுப்பிலேயே கடைசிதான். இன்னைக்குப் போடற மார்க்கையும் சேர்த்தா நீங்க பாஸ். அடுத்த வருஷம் வர்றவங்ககிட்ட கையை விரிச்சு வைக்கச் சொல்றதா வேணாமான்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சா சொல்றேன்."

நன்றி மிஸ் என்றேன். அவர் தலைமையாசிரியரிடம் போய் ஏதோ ஆங்கிலத்தில் பேசிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

தலைமையாசிரியர் என்னை அலுவலகத்துக்குள் கூப்பிட்டு நெடுநேரம் பிரம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸாம்" என்றார் கடைசியில். "சொன்ன சொல்லு சொன்னதுதான், இடம் உங்களுக்கு. ஆனா அடுத்த மாசத்திலேருந்து நீங்க மத்தியானப் பிரிவு. பாட்டு வகுப்ப பின்னால விறகுக் கொட்டகைக்குப் பக்கத்துல வச்சுக்கங்க. அந்தத் தட்டுற சத்தம் என் ரூமுக்கு வரப்படாது."

சரி சார் என்றேன். விறகுக் கொட்டகைப் பக்கம் பெஞ்சு கிடையாது, பிள்ளைகள் தரையில்தான் உட்கார வேண்டும். பாய் கிடைக்குமா என்று கேட்டேன். கோயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.